நான்கு நிமிடத் தூரம்

விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரான மரக்காணத்துக்கு வந்த பாதைகள் எல்லாம் உப்பைத் தேடி வந்தவை. சங்கப் பாடல்களில் வரும் உப்பு வணிகரான உமணர்கள் இதுபோன்ற நெய்தல் கரைகளிலிருந்துதான் மூட்டை ஏற்றினார்கள். வழியில் அச்சு முறிந்தால் மாட்டிக்கொள்ள இன்னொரு அச்சையும் வண்டியில் கட்டிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனார்கள். சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினமும், பழைய கிரேக்கக் கடல்வழிக் கையேடான பெரிப்ளூஸ் குறிப்பிடும் சோபட்மா துறைமுகமும் இந்த ஊர்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்களின் கையால், சென்னை நகருக்குள் விடுபட்டிருந்த துண்டும் வெட்டப்பட்டு, கரையோரக் கால்வாய் ஒன்றாக இணைந்தது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்ற அந்தக் கால்வாயின் தென்முனை மரக்காணம். உப்பும் விறகும் படகில் ஏறி வடக்கே போயின. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரிகள் போகின்றன.

பாதை மாறும்போதெல்லாம் நோயாளியின் பயண நேரமும் சுருங்கியது. கால்வாய்க் காலத்தில் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் நாள்கணக்கு. இப்போது புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மருக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். சைரன் போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நிறுவனம் அது. தெற்கே கிராமங்களைத் தாண்டினால் காலாப்பட்டு, மேற்கே திண்டிவனம், இன்னும் போனால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி. 2023 மே மாதம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்தவர்களை இந்த வழிகளில்தான் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். அந்தச் சாராயத்தில் இருந்த மெத்தனால் மணிக்கணக்கில் கொல்கிறது. ஓடுவதற்கு அவகாசம் இருந்தது, அப்படியும் பத்துப் பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள்.

நின்றுபோன இதயம் அந்த அவகாசத்தைக் கூடத் தருவதில்லை. ரத்த ஓட்டம் நின்று நான்கைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்குகிறது. யாரும் எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது என்பது உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. அந்த நேரத்துக்குள் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் சாலை எந்த நாட்டிலும் போடப்படவில்லை. ஆகவே, இந்தக் கரையில் ஒரு மனிதர் விழுந்தால் அவர் பிழைப்பாரா என்பதை ஜிப்மர் தீர்மானிப்பதில்லை. பக்கத்துப் பாத்தியில் நிற்பவர் தீர்மானிக்கிறார்.

மாரடைப்பையும் இதையும் ஒன்றாகப் பேசுவது நம் வழக்கம். உப்பளத்தில் நீர் இறைக்கும் மோட்டாரைப் பார்த்தவர்களுக்கு வேறுபாடு எளிதில் விளங்கும்: குழாய் அடைத்துக்கொண்டு மோட்டார் திணறுவது மாரடைப்பு, மின்சாரம் தாறுமாறாகி மோட்டாரே நின்றுபோவது திடீர் இதய நிறுத்தம். முதலாவது இரண்டாவதில் கொண்டுபோய் விடலாம், விடாமலும் போகலாம். மாரடைப்பு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசுவார், தண்ணீர் கேட்பார், ஆட்டோவில் ஏறி உட்காருவார். இதயம் நின்றவர் பேச மாட்டார். சில நொடிகளில் நினைவு போய்விடும்.

அந்த நொடிகளில் நம் ஊரில் நடப்பதை எல்லோரும் அறிவோம். விடியலுக்கு முன்பே தொடங்கிய வேலை, வெயில் ஏறிவிட்டது. உப்புக் கூடையோடு வரப்பில் வந்தவர் சாய்கிறார். உடம்பு ஒரு முறை வெட்டி இழுக்கிறது. வலிப்பு என்று யாரோ கத்த, கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். இன்னொருவர் சோடா வாங்க ஓடுகிறார். முகத்தில் தண்ணீர் அடிக்கிறார்கள். வாய் திறந்து திறந்து மூடுகிறது, கொர் கொர் என்று ஒரு சத்தம். மூச்சு இருக்கிறது என்று எல்லோரும் ஆறுதல் அடைகிறார்கள். அந்த இழுப்பு வலிப்பல்ல; ரத்தம் போகாத மூளையின் தடுமாற்றம். அந்தச் சத்தம் மூச்சல்ல. இதயம் நின்ற பிறகும் மூளைத்தண்டு சற்று நேரம் எழுப்பும் வெறும் திணறல். இந்த இரண்டையும் தப்பாகப் புரிந்துகொண்டதால் போன உயிர்கள் எத்தனையோ. சோடா வாங்கப் போனவர் நல்லவர்தான். அவருக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை, அவ்வளவே.

சொல்லித் தருவது என்ற யோசனை முதலில் பிறந்தது ஆஸ்பத்திரியில் அல்ல, நீர்க்கரையில். 1740இல் பாரிஸ் அறிவியல் கழகம் நீரில் மூழ்கியவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதச் சொன்னது. கால்வாய்களால் ஆன ஆம்ஸ்டர்டாமில் 1767இல் மூழ்கியவர்களை மீட்கவென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1774இல் லண்டனிலும் ஒன்று எழுந்தது. படகோட்டிகளுக்கும் கரையோரத்துக் கடைக்காரர்களுக்கும் பயிற்சி தருவது, உயிர் மீட்டவருக்குப் பரிசு தருவது என்று அவை செயல்பட்டன. முறைகளில் பாதி கோமாளித்தனம். பீப்பாய் மேல் போட்டு உருட்டினார்கள். பின்புறம் வழியாகப் புகையிலைப் புகையை ஊதினார்கள், அதற்கென்றே துருத்தி வைத்த பெட்டிகள் தேம்ஸ் கரையில் இருந்தன. சிரிப்பு வருகிறதுதான். ஆனால் விழுந்தவனை எடுத்துப் பிழைக்க வைப்பது முதலில் பக்கத்தில் இருப்பவன் வேலை என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். புகையிலைப் புகை காலாவதியாகிவிட்டது, அந்த முடிவு காலாவதியாகவில்லை.

நம் பக்கத்துக் கோமாளித்தனம் இன்னும் முடியவில்லை. மூழ்கி இறந்தவரை உப்பில் புதைத்து வைத்தால் எழுந்துவிடுவார் என்று ஒரு செய்தி பல ஆண்டுகளாகக் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவுகிறது. 2022 செப்டம்பரில் கர்நாடகத்தின் பல்லாரி மாவட்டத்தில் ஒரு குடும்பம் அதை நம்பி, பத்து வயதுப் பிள்ளையின் உடலை மணிக்கணக்கில் உப்புக் குவியலுக்குள் வைத்திருந்தது. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. சும்மா இருக்க முடியாதவர்களுக்குச் செய்ய ஏதாவது ஒன்று வேண்டும். சரியானதைச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் பொய் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நெஞ்சு வலித்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள் என்ற செய்தியும் அதே ரகம்.

உப்புக்கும் இதயத்துக்கும் உறவே இல்லையா என்றால், உண்டு. 1882இல் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து, உப்பு நீரில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். வாலையில் வடித்த நீருக்குப் பதில் ஆய்வுக்கூடப் பணியாளர் குழாய்த் தண்ணீரில் கரைசலைத் தயாரித்திருந்தார். அதில் துடித்த இதயம், சுத்த நீரில் சமையல் உப்பு மட்டும் போட்டபோது ஓய்ந்துவிட்டது. குழாய்த் தண்ணீரில் இருந்த சுண்ணாம்புச் சத்துதான் காரணம் என்று ரிங்கர் கண்டுபிடித்தார். சோடியம், பொட்டாசியம், கால்சியம் மூன்றும் அளவாக இருந்தால்தான் துடிப்பு. அவர் பெயரிலேயே இன்றும் ஆஸ்பத்திரிகளில் பாட்டில் தொங்குகிறது. பொட்டாசியம் மிஞ்சினால் இதயம் நின்றுவிடும். திறந்த இதய அறுவையில் இதயத்தை வேண்டுமென்றே நிறுத்த அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் நிறைந்திருக்கும் மக்னீசியம், ஒருவகைத் தாறுமாறான துடிப்பை அடக்க நரம்பில் ஏற்றும் மருந்தும் கூட. வேலை செய்பவனின் உடம்பிலிருந்து வியர்வையாக என்ன வெளியேறுகிறது என்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழக உப்பளத் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, பெரும்பாலோர் பாதுகாப்பான வெப்ப வரம்பைத் தாண்டியே உழைப்பதைப் பதிவு செய்தார்கள். சிலருக்குச் சிறுநீரகம் களைத்திருந்தது. சிறுநீரகம் களைத்தால் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கும். அப்புறம் நடக்கக்கூடியதை ரிங்கரின் தவளையே சொல்லும்.

மார்பை வெளியிலிருந்து அழுத்தினால் ரத்தம் ஓடும் என்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டுப் பலமுறை மறக்கப்பட்ட செய்தி. ஜெர்மனியில் மாஸ் என்ற மருத்துவர் 1891இலேயே செய்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1947இல் கிளீவ்லாந்தில் கிளாட் பெக், அறுவை மேசையில் இதயம் நின்ற 14 வயதுச் சிறுவனின் மார்பைத் திறந்து கையால் பிசைந்து, மின்னதிர்வு கொடுத்து மீட்டார். அதற்கு மார்பைக் கிழிக்க வேண்டும். கிழிக்கச் சர்ஜன் வேண்டும். 1960இல்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் கத்தி வேண்டாம், உள்ளங்கை போதும் என்று நிறுவினார்கள். இதில் கூவன்ஹோவன் டாக்டரே அல்ல, மின்பொறியாளர். ஆறு ஆண்டுகளில் பெல்ஃபாஸ்டில் ஃபிராங்க் பேன்ட்ரிட்ஜ், கார் பேட்டரியில் ஓடும் எழுபது கிலோ மின்னதிர்வுக் கருவியை ஆம்புலன்ஸில் ஏற்றி, நோயாளி விழுந்த இடத்துக்கே அனுப்பினார். இன்று அது சாப்பாட்டுப் பெட்டி அளவுக்கு இளைத்து, பெரிய விமான நிலையங்களின் சுவரில் தொங்குகிறது. மரக்காணம் பேருந்து நிலையத்துக்கு அது வர வேண்டுமென்று கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்; கேட்கத்தான் வேண்டும்.

இந்தியாவில் இந்தப் பாடம் பொதுவெளியில் மூன்று முறையாவது நம் முன் வந்து நின்றது. 2004 டிசம்பர் 5இல் பெங்களூர் மைதானத்தில், ஃபெடரேஷன் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தில், டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் தன் இரண்டாவது கோலை அடித்த கையோடு விழுந்து இறந்தார். முறையான அவசர ஏற்பாடு இல்லை என்ற புகார் எழுந்தது, அடங்கியது. 2016 டிசம்பர் 4 மாலை முதலமைச்சர் ஜெயலலிதாவின் இதயத்துடிப்பு நின்றதாக மருத்துவமனை அறிவித்தபோது தமிழ்நாடே டிவி முன் உட்கார்ந்திருந்தது. எக்மோ என்ற கருவியின் பெயர் டீக்கடை வரைக்கும் வந்தது. மறுநாள் இரவு மரணம் அறிவிக்கப்பட்டது. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் வீட்டில் மயங்கி விழுந்து, நினைவின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டு, மறுநாள் விடியலில் இறந்தார்.

முதல்வர் விஷயத்தில், அவர் ஆஸ்பத்திரியில் இட்லி சாப்பிட்டாரா, அங்கே கேமரா ஓடியதா என்று நாம் ஆண்டுக்கணக்கில் பேசினோம். விவேக் விஷயத்தில் முந்தைய நாள் போட்ட தடுப்பூசியைப் பற்றிப் பேசினோம். ஒருவர் நம் கண் முன்னால் விழுந்தால் கையை எங்கே வைப்பது என்ற பேச்சு மட்டும் வரவில்லை. இத்தனை கோடிப் பேர் ஒரே நேரத்தில் ஒரே நோயின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்த தருணம் ஒரு சமூகத்துக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை. அதைத் தவறவிட்டதில் ஊடகக்காரர்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு.

அரசு சும்மா இருந்தது என்று சொன்னால் பாவம். 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் சேவை வந்தது. மாரடைப்புக்கான மையங்களையும் துணை ஆஸ்பத்திரிகளையும் ஒரே வலையாகக் கோத்த தமிழ்நாட்டுத் திட்டத்தின் முடிவுகள் 2017இல் உலக இதழொன்றில் வெளியாயின. இரண்டாயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்ததில், ஓராண்டுக்குள் இறப்பவர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தது. 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் துணை சுகாதார நிலையம் வரைக்கும் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் இருக்கின்றன, மொத்தம் 14. அருமையான வேலை. ஆனால் மாத்திரையை விழுங்க நினைவு வேண்டும். இந்த ஏற்பாடுகள் எல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்து வருபவருக்கானவை. விழுந்து கிடப்பவருக்கும் ஆம்புலன்ஸுக்கும் நடுவில் இருக்கும் நேரம் இன்னும் யாருடைய துறையிலும் இல்லை.

அந்த நேரத்தை டென்மார்க் தன் குடிமக்களிடம் ஒப்படைத்தது. 2005 முதல் பள்ளிகளில் உயிர்மீட்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். அடுத்து ஓட்டுநர் உரிமத்துக்கும். 2001இல் ஆஸ்பத்திரிக்கு வெளியே விழுந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் பக்கத்தில் இருந்தவர் மார்பு அழுத்தம் தந்தார். 2010இல் ஏறத்தாழ பாதிப் பேருக்கு. முப்பது நாள் கடந்து உயிரோடு இருந்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 ஆனார்கள். மூன்று மடங்கு. புதிய ஆஸ்பத்திரி கட்டி இந்த மாற்றத்தைக் கொண்டுவர எத்தனை நூறு கோடி வேண்டும் என்று நிதித்துறைக்காரர்கள் கணக்குப் போடட்டும்.

நம் ஊரில் ஒரு தடை இருக்கிறது. டென்மார்க்கில் அது இல்லை, ஆகவே அங்கிருந்து வரும் கையேடுகளிலும் இல்லை. இங்கே யார் யாரைத் தொடுவது என்பது உயிரைவிடப் பெரிய கேள்வி. 2013 ஏப்ரலில் சாதிக் கலவரம் நடந்து குடிசைகள் எரிந்த ஊர் மரக்காணம். வாயோடு வாய் வைத்து ஊதச் சொன்னால் எத்தனை பேர் குனிவார்கள் என்று யோசிக்க வேண்டியதில்லை. நல்லவேளையாக, பெரியவர்கள் திடீரென விழும்போது முதல் சில நிமிடங்களுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் மிச்சம் இருப்பதால் அழுத்தம் மட்டுமே பெரும் பயன் தரும். இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் 2017இல் பொதுமக்களுக்காக வகுத்த முறை அழுத்தத்தை மட்டுமே கேட்கிறது. வாய் என்ற தடை விலகியது, கை என்ற தடை நிற்கிறது. உப்பளத்தில் கூடை சுமப்பவர்களில் பெண்களே அதிகம். ஒரு பெண் விழுந்தால் மார்பில் கை வைக்க ஆண்கள் தயங்குவார்கள்; தயக்கத்தை மதித்தே தீர்வு தேட வேண்டும். பயிற்சிப் பொம்மைக்குச் சேலை கட்டிப் பழக்குங்கள். பெண்களுக்குப் பெண்களைக் கொண்டே கற்றுக் கொடுங்கள். இந்தப் பெண்களின் கையில் வலு இல்லை என்று யாராவது சொன்னால், கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

செய்முறை இரண்டு வரி. மார்பின் நடுவெலும்பில் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கை, அதன் மேல் இன்னொன்று, முழங்கையை மடக்காமல், ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை, ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக எழும்ப விட்டு. இரண்டு நிமிடத்தில் கை சோர்ந்துவிடும், ஆள் மாற வேண்டும். உப்பள மண் சதசதப்பானது. கீழே அமிழ்ந்தால் அழுத்தம் வீணாகும் என்பதால் வரப்பின் இறுகிய தரைக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். விலா எலும்பு ஒடியும் சத்தம் கேட்கலாம். அங்கேதான் பலர் பயந்து நிறுத்துகிறார்கள். எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிடும்.

இனி, பிழைத்தவரைப் பற்றி. இதுவரை சொன்னதெல்லாம் ஓரளவு பேசப்படுகிறது. இது பேசப்படுவதே இல்லை.

2021 ஜூன் 12, கோபன்ஹேகன். ஃபின்லாந்துக்கு எதிரான கால்பந்து ஆட்டத்தில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் புல்தரையில் முகம் குப்புற விழுந்தார். சக வீரர்கள் சுற்றி நின்று கேமராவிலிருந்து அவரை மறைத்தார்கள். உள்ளே மார்பு அழுத்தம் நடந்தது. ஒரு மின்னதிர்வில் துடிப்பு திரும்பியது. உலகம் கைதட்டியது. அதன் பிறகு நடந்ததைக் கவனித்தவர் குறைவு. மார்புக்குள் டிஃபிப்ரிலேட்டர் பொருத்தினார்கள். அந்தக் கருவியோடு ஆட இத்தாலிய விதி இடம் தராததால் இன்டர் மிலான் அணியை விட்டு வெளியேறினார். எட்டு மாதம் கழித்து இங்கிலாந்தில் பிரென்ட்ஃபோர்டு அணிக்காக இறங்கினார். 2024 யூரோ போட்டியில் ஸ்லோவேனியாவுக்கு எதிராகக் கோல் அடித்தார். அவருக்கு மருத்துவர்கள், பயிற்சியாளர்கள், வழக்கறிஞர்கள் என்று ஒரு படையே இருந்தது. அத்தனை பேர் இருந்தும் வேலைக்குத் திரும்ப எட்டு மாதம்.

உப்பளத்துக் கூலி என்ன ஆவார்? டிஸ்சார்ஜ் சீட்டோடு வீட்டுக்கு வருகிறார். முதல் மாதம் இருமினாலும் மார்பு வலிக்கும். சாப்பிட்டீர்களா என்று கேட்டால் இல்லை என்பார். கால் மணி நேரம் முன்புதான் சாப்பிட்டிருப்பார். விழுந்த நாளைப் பற்றி ஒன்றும் நினைவிருக்காது. பெயர்கள் தவறும், சுள்ளென்று கோபம் வரும், பட்டப்பகலில் களைப்பு ஆளைச் சாய்த்துவிடும். ஊர் இதை வேறு மாதிரி வாசிக்கிறது: ஆள் மாறிட்டான், எமனைப் பார்த்துட்டு வந்தவன், காத்து கருப்பு ஏதோ. வேப்பிலை அடிக்க ஆள் வருகிறது. ஆக்சிஜன் இல்லாமல் சில நிமிடம் தவித்த மூளையில் நினைவகப் பகுதிதான் முதலில் அடிபடுகிறது, பலருக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேறும் என்று ஒரு நர்ஸ் வாசலில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் இவ்வளவு பயந்திருக்காது. மனைவி இரவெல்லாம் விழித்திருந்து அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளையும் நோயாளியாக எண்ண வேண்டும் என்று மேலை மருத்துவம் சொல்லத் தொடங்கியதே அண்மையில்தான். அமெரிக்க இதய சங்கம், இதயம் நின்றவரைக் காக்கும் படிகளைக் கோத்த தன் உயிர்ச் சங்கிலியில் மீட்சியை ஆறாவது கண்ணியாகச் சேர்த்தது 2020இல்.

தொழில் இன்னொரு சிக்கல். இடது காறை எலும்புக்குக் கீழே டிஃபிப்ரிலேட்டர் கருவி பொருத்தியவர் சில வாரங்களுக்கு அந்தக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. தலைச்சுமைக்காரர் தூக்காமல் எப்படி? கட்டுமரத்தில் தனியாகப் போகிறவருக்கு நடுக்கடலில் கருவி அதிர்வு கொடுத்தால் யார் பிடிப்பது? கால் வீக்கத்துக்குக் கொடுத்த நீர் மாத்திரையை விழுங்கிவிட்டு ஏப்ரல் வெயிலில் உப்பு வாரினால், தண்ணீரோடு பொட்டாசியமும் வெளியேறி மறுபடியும் துடிப்பு தடுமாறலாம். பகலெல்லாம் உப்பில் நிற்பவரிடம் டாக்டர் சாப்பாட்டில் உப்பைக் குறை என்கிறார், சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் வியர்வையில் எவ்வளவு போகிறது என்று கேட்டுவிட்டுச் சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். நகரத்து உத்தியோகஸ்தருக்காக அச்சடித்த அறிவுரைத் தாள் இங்கே செல்லாது. வேலைக்குப் போகாதே என்பது அறிவுரை ஆகாது, பட்டினி போடுவதாகும். எந்த வேலை, எத்தனை மணி வரை, நிழலில் எவ்வளவு நேரம், எவ்வளவு தண்ணீர் என்று சொல்வதுதான் சிகிச்சை.

இதற்குப் புதிய துறை வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்க வீட்டுக்கே போகிறார்கள். இயன்முறை சிகிச்சையும் அந்தத் திட்டத்தில் இருக்கிறது. இதயம் நின்று மீண்டவர்களின் பட்டியலை அவர்கள் கையில் கொடுத்து, மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் நினைவாற்றல், மனநிலை, வேலை மூன்றையும் விசாரிக்கச் சொன்னால் போதும். அந்தப் பட்டியல் முதலில் உருவாக வேண்டும். எத்தனை பேர் விழுந்தார்கள், எத்தனை பேருக்கு யார் கை வைத்தார்கள், எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்று மாவட்டவாரியாக ஒரு பதிவேடு வைக்காத அரசால் தன் வெற்றியைக் கூடச் சொல்லிக்கொள்ள முடியாது.

108 இன்னொரு வேலையையும் எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் சியாட்டில் அடங்கிய கிங் கவுண்ட்டியில் 1980களிலேயே, அவசர அழைப்பை எடுப்பவர் வண்டியை அனுப்பிவிட்டு போனை வைக்காமல், அழைத்தவருக்கு மார்பு அழுத்தத்தைச் சொல்லிக் கொடுத்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணியும் கொடுத்தார். தமிழில் எண்ணத் தெரிந்தவர்கள் 108 அறையில் நிறைய இருக்கிறார்கள். ஒவ்வொரு அழைப்பிலும் தவறாமல், விழுப்புரம் பேச்சில், ‘ஆள் பேசுறாரா, மூச்சு சீரா வருதா’ என்ற இரண்டு கேள்வியோடு தொடங்கட்டும். சட்டமும் ஒரு படி இறங்கி வர வேண்டும். உதவுபவருக்கு 2019இன் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் தரும் பாதுகாப்பு சாலை விபத்துக்கு மட்டும். உப்பள வரப்பில் விழுந்தவருக்குக் கை கொடுத்தவரும் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டியதில்லை என்று வெளிப்படையாக எழுதி வைப்பது கடினமான காரியமல்ல.

அக்டோபரில் மழை இறங்கினால் பாத்திகள் மூழ்கும். ஜனவரி வரை உப்பளத்தில் வேலை இல்லை. அந்த மாதங்களுக்கென்று அரசு ஒவ்வொரு தொழிலாளர் குடும்பத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் தருகிறது. அந்த மழைமாதங்களில் ஊர் ஊராக, குப்பம் குப்பமாக, ஆளுக்கு அரைமணி நேரம் போதும். ஜிப்மரிலும் முண்டியம்பாக்கத்திலும் படிக்கும் மாணவர்கள் பொம்மையோடு வரட்டும். ஒரு உப்பளத்துக்கு நான்கு பேருக்காவது, அதில் இரண்டு பெண்களுக்காவது, கை பழக வேண்டும். விழுப்புரம் மாவட்ட ஆட்சியர் நினைத்தால் வரும் அக்டோபரிலேயே இதைத் தொடங்கிவிடலாம்.